தலைகீழ்ப் பறவை: ஒரு வெள்ளி பக்கிளின் இரண்டு பாதிகள்

வெள்ளவத்தையிலிருந்து அந்த டீச்சர் செட்டியார் தெருவுக்கு வந்த நாள் நல்ல மழை. கைப்பைக்குள் ஒரு பிஸ்கட் ரின், ரின்னுக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் பக்கிள். கூடவே ரொறன்ரோவில் இருக்கும் மகன் அனுப்பிய தகவலை அச்சடித்த தாள் ஒன்று. தாளில் ஒரே ஒரு வரிதான்: வில்லியம் சோனர், இலண்டன், 1822.

“இருநூறு வருசத்துச் சாமானாம். மகன் தேடிக் கண்டுபிடிச்சிட்டான். நீங்கள் ஒருக்காப் பாத்து, ஓம் எண்டு ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும்.”

பழைய வெள்ளிச் சாமானைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஓம் என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் மிகச் சுலபமான வேலை. கொழும்பு வீட்டு அலுமாரிகளில் அப்படியான கடிதங்கள் எத்தனையோ கிடக்கின்றன. எனக்குக் கடை கிடையாது. புதிய கதிரேசன் கோயில் பக்கமாக ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் மேசை, தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், கழுத்து வளையும் விளக்கு ஒன்று, அவ்வளவே. கீழே இருக்கும் பத்தர் ஐயா இல்லாவிட்டால் இந்த வழக்கில் பாதிதான் எனக்கு விளங்கியிருக்கும்.

பொருள் இதுதான். தாதிமார் இடுப்புப் பட்டியில் மாட்டும் இரண்டு துண்டு வெள்ளி பக்கிள். இங்கிலாந்தில் பயிற்சி முடித்த தாதிமார் இப்படி வேலைப்பாடுள்ள வெள்ளி பக்கிள் அணிவது வழக்கம். சீருடையில் அவர்களுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் அது. டீச்சரின் பெரியம்மா கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேட்ரன் ஒருவர் அதைக் கழற்றிப் பெரியம்மாவின் கையில் வைத்தார் என்பது வீட்டுக் கதை. அந்தக் கதையைச் சோதிக்க எனக்கு வழியில்லை, அதனால் அறிக்கையில் அதை ‘குடும்பத்தார் சொன்னது’ என்றே எழுதினேன்.

ஒவ்வொரு பாதியிலும் சுருள் இலைகள், நடுவே ஒரு பறவை, இலைகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியும்படி அறுத்த துளைகள். மாட்டினால் இரண்டு பறவையும் ஒன்றையொன்று பார்க்கும். ஆனால் ஒன்று நிற்கிறது, மற்றது தலைகீழாய்த் தொங்குகிறது. “அது அந்தக் காலத்து ஸ்டைல்” என்றார் டீச்சர். நானும் முதலில் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை. முத்திரை இருக்கும்போது பறவையை யார் பார்ப்பார்கள்?

மகன் எங்கே வழுக்கினான்

பின்புறத்தில் நான்கு முத்திரைகள் வரிசையாக இருந்தன. செய்தவரின் குறியாக டபிள்யூ, சி என்ற இரண்டு எழுத்து; நடக்கும் சிங்கம்; சிறுத்தைத் தலை; சின்ன எழுத்து ஜி.

சிங்கம் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1544 முதல் அந்த வேலையை அது செய்துவருகிறது. சிறுத்தைத் தலை என்றால் சோதித்தது இலண்டனில். நங்கூரம் இருந்திருந்தால் பேர்மிங்ஹாம், கிரீடம் இருந்திருந்தால் ஷெஃபீல்ட் என்று சொல்லியிருப்பேன். எழுத்து, சோதித்த ஆண்டைச் சொல்லும். இலண்டன்காரர் ஒரு சுற்றுக்கு இருபது எழுத்துத்தான் வைத்துக்கொண்டார்கள்: ஏ முதல் யூ வரை, ஜே இல்லாமல். இருபது ஆண்டு முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் கேடயத்தின் வடிவத்தையும் மாற்றிவிட்டு மறுபடி ஏயில் தொடங்குவார்கள்.

மகன் அட்டவணையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். 1816இல் தொடங்கிய சுற்றில் எழுத்துகள் சின்ன எழுத்து. ஜி வரும் ஆண்டு 1822. அந்த நேரத்தில் இலண்டனில் டபிள்யூ, சி என்ற குறியோடு வில்லியம் சோனர் என்றொரு பெயர்பெற்ற வெள்ளித் தொழிலாளர் இருந்ததும் உண்மை. இரண்டும் பொருந்திவிட்டால் யாருக்கும் அதற்கு மேல் தேட மனம் வராது.

ஆனால் 1896இல் தொடங்கிய சுற்றிலும் எழுத்துகள் சின்ன எழுத்துத்தான். அதில் ஜி 1902. எண்பது வருட வித்தியாசம், எழுத்து ஒன்றே. இந்தப் பொறியில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன், ஒரு கரண்டி விஷயத்தில். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இரண்டு ஜியையும் எப்படிப் பிரிப்பது? கேடயத்தின் வெட்டைப் பார்க்கலாம், ஆனால் தேய்ந்த சாமானில் கேடயத்தின் மூலைகள்தான் முதலில் மழுங்கும். சிறுத்தையின் தலையில் முன்பு கிரீடம் இருந்தது, சிங்கமும் முகத்தை நம் பக்கம் திருப்பியிருந்தது. இரண்டுமே 1821இல் மாறிவிட்டன. ஆகவே 1822 சிறுத்தையும் 1902 சிறுத்தையும் ஒரே மொட்டைத் தலை; சிங்கமும் ஒரே பக்கவாட்டு முகம். இவை இரண்டும் நமக்கு உதவவில்லை.

உதவியது, இல்லாத ஒரு முத்திரை. 1784 முதல் 1890 வரை இங்கிலாந்தில் வெள்ளிக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையை ஐந்தாவது முத்திரையாக அடித்தார்கள். 1822 என்றால் நான்காம் ஜோர்ஜின் தலை இருக்க வேண்டும். லூப்பை வைத்து வரிசையின் இரு பக்கமும் தேடினேன். தேய்ந்து போன தலைகூட ஒரு நீள்வட்டப் பள்ளத்தை விட்டுப் போகும். அப்படி ஒன்றும் இல்லை. நான்கு முத்திரை, அவ்வளவுதான்.

ஆக ஜி என்பது 1902. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் காலத்தில் இலண்டனில் எழுத்து மே மாதத்தில் மாறியது என்பதால் 1902 மே தொடக்கம் 1903 மே வரை. அந்த ஆண்டில் இலண்டனில் டபிள்யூ, சி என்று அடித்து இப்படியான பக்கிள், சீப்பு முதுகு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்து தள்ளியவர்கள் வில்லியம் கொமின்ஸ் நிறுவனத்தார். சோஹோவில் பீக் தெருவில் அவர்களுடைய பட்டறை. சோனர் கரண்டி, முள்ளுக்கரண்டிக்குப் பேர்போனவர். பொருளைப் பார்த்து முத்திரையைப் படித்திருந்தால் மகனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

டீச்சரிடம் எண்பது வருடத்தைக் குறைத்துச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. “கொமின்ஸ் எண்டால் நல்ல ஆள்தானே?” என்றார். நல்ல ஆள்தான் என்றேன். நம் ஊரில் ‘லண்டன் வெள்ளி’ என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை வெள்ளி முலாம் பூசியவை. ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்தையும் தனித்தனிக் கேடயத்தில் அடித்து, தூரத்துப் பார்வைக்குச் சிங்கமும் சிறுத்தையும் போலக் காட்டும் சாமான்கள். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

அந்த நேரத்தில் கடிதத்தை எழுதிக் கையில் கொடுத்திருப்பேன். மழை விடவில்லை. தேத்தண்ணி வந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் மற்றப் பாதியையும் திருப்பிப் பார்த்தேன்.

மற்றப் பாதி

அதிலும் அதே நான்கு முத்திரை. அதில் வியப்பில்லை, கழன்று தனியாகும் துண்டுகளில் தனித்தனியே அடிக்க வேண்டும். வழமையாக இரண்டாவது துண்டில் சிங்கமும் செய்தவர் எழுத்தும் மட்டும் இருந்தால் போதும். இங்கே நான்கும் இருந்தன. அதுவும் பரவாயில்லை, சில இடங்களில் அப்படி அடிப்பார்கள். ஆனால் டபிள்யூ சற்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. முதல் பாதியிலும் அதே சாய்வு.

செய்தவரின் எழுத்தைப் பட்டறையில் அடிப்பார்கள். மற்ற மூன்றையும் இலண்டன் சோதனைச்சாலையான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில், சோதித்த பிறகு அடிப்பார்கள். வேறு கை, வேறு நாள், வேறு இடம். இரண்டு துண்டில் அடிக்கும்போது எழுத்துக்கும் சிங்கத்துக்கும் இடையிலுள்ள தூரமும் சாய்வும் ஒரே மாதிரி விழுவது நடக்காத காரியம். சிறுத்தையின் நெற்றியை வெட்டிக்கொண்டு போகும் ஒரு கீறலும் இருந்தது. அதுவும் இரண்டிலும் ஒரே இடத்தில்.

லூப்பில் உள்ளே இறங்கிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்தது. முதல் பாதியில் ஒவ்வொரு முத்திரையின் அடித்தளமும் வழவழப்பு. ஓரம் கத்தி வைத்தது போல் நிமிர்ந்து நிற்கிறது. உருக்கு அச்சு வெள்ளிக்குள் இறங்கும்போது உலோகத்தை அமுக்கி ஒதுக்கும், அதனால் வரும் கூர்மை அது. இரண்டாம் பாதியில் அடித்தளம் ரவை போல் சொரசொரத்தது. ஓரங்கள் சவர்க்காரக் கட்டியில் கீறியது போல் உருண்டிருந்தன. சிங்கத்தின் வயிற்றுக்குக் கீழே ஊசிமுனை அளவில் இரண்டு குழி.

பத்தர் ஐயாவை மேலே கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர். லூப்பை அவர் தொடவில்லை. பாதியைக் கையில் எடுத்து, வாயால் ஹா என்று ஆவி விட்டு, வெளிச்சத்தில் சாய்த்தார். ஆவி படர்ந்து காயும்போது பற்று வைத்த இடம் வேறு வேகத்தில் காயும். கண்ணுக்கு மறைந்த கோடு ஒரு நொடி தெரிந்து மறையும். மூன்று முறை ஊதினார்.

“இதில முந்தி கொக்கி இருந்திருக்கு, தம்பி. அறுத்து அரத்தால தேச்சுப் போட்டு, கண்ணியைப் பிறகு பத்த வச்சிருக்கினம்.”

“வார்ப்புத்தானே ஐயா?”

“பின்னே? கணவாய் ஓட்டில வாத்திருந்தால் வரி வரியா விழுந்திருக்கும். வரி இல்லை. மண்ணில அமுக்கி எடுத்தது. நல்ல அரிச்ச மண். செய்தவன் தொழில் தெரிஞ்சவன்தான், ஆனா சோம்பேறி.”

சோம்பேறி என்று ஏன் சொன்னார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் இரண்டு பாதியையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே திசையில் வைத்தார். இரண்டு பறவையும் நிமிர்ந்து, ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. இப்போது அவை ஜோடி அல்ல, ஒரே பாதியின் இரண்டு பிரதி. பிறகு ஒன்றை மட்டும் அரை வட்டம் திருப்பினார். கொக்கிப் பக்கம் நடுவுக்கு வந்தது, பறவை தலைகீழானது.

அங்கேதான் எல்லாம் விளங்கியது. உண்மையான ஜோடியில் வலப் பாதி இடப் பாதியின் கண்ணாடி பிம்பமாக இருக்கும். அது தொலைந்துவிட்டது. யாரோ பத்தரிடம் இருக்கிற பாதியைக் கொண்டுபோய் இன்னொன்று செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி பிம்பம் வேண்டுமென்றால் புதிதாகக் கரு செதுக்க வேண்டும்; அது நாள் கணக்கு, காசுக் கணக்கு. அவர் இருந்த பாதியையே மண்ணில் அமுக்கி, வார்த்து, திருப்பி வைத்துக் கொக்கியை அறுத்துக் கண்ணி வைத்துவிட்டார். முத்திரையும் அதோடு வார்ப்பில் வந்துவிட்டது. அதை அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று எனக்குப் படவில்லை. ஏமாற்ற நினைத்தவன் பறவையைத் தொங்கவிட மாட்டான்.

அளவும் நிறையும்

கண்ணால் கண்டதை எண்ணாலும் உறுதிப்படுத்த வேண்டும். முதல் பாதியின் அகலம் 52.3 மில்லிமீற்றர், இரண்டாவது 51.4. முத்திரை வரிசையின் நீளம் 11.8, மற்றதில் 11.6. உருகிய வெள்ளி ஆறி இறுகும்போது சுருங்கும். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், நூற்றுக்கு 1.7 அளவில் குறைந்திருக்கின்றன. அச்சு அடித்த முத்திரை சுருங்காது. வரிசையும் துண்டோடு சேர்ந்து சுருங்கியிருந்தால் அது முத்திரை அல்ல, முத்திரையின் படம்.

நிறையில் இரண்டாவதுதான் கூட: 21.60 கிராமுக்கு எதிரே 24.90. பின்புறத்தைத் தேய்த்து மெல்லிதாக்காமல் விட்டிருக்கிறார்கள். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். முதல் பாதி தண்ணீரில் 2.09 கிராம் இழந்தது, அதாவது அடர்த்தி 10.33, 925 வெள்ளிக்கு இது பொருந்தும். இரண்டாவது 2.47 இழந்தது: அடர்த்தி 10.08. செம்பு கூடிய கலவை, கொஞ்சம் காற்றுக் குழியும் இருக்கும்.

கீழ்க்கடையில் உலோகத்தின் தூய்மையை அளக்கும் கரட் மெஷினில் வைத்தபோது இரண்டாம் பாதி முதலில் நூற்றுக்கு 88 வெள்ளி காட்டியது. இதை நம்பக் கூடாது. டீச்சர் வருவதற்கு முதல் நாள் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார். புளி மேற்பரப்பிலுள்ள செம்பைத் தின்றுவிடும், மெஷின் அந்த மேல்தோலைத்தான் படிக்கும். (தயவுசெய்து காட்ட வருமுன் துலக்காதீர்கள். பற்பசை இன்னும் மோசம், அது முத்திரையையே தேய்க்கும்.) கண்ணியின் உட்புறத்தில், டீச்சரின் அனுமதியோடு, நகக்கண் அளவு சுரண்டி மறுபடி வைத்தோம். 80க்குக் கிட்ட நின்றது.

80 ஒரு பழக்கமான எண். 1892 முதல் 1917 வரை அடித்த இலங்கை 50 சதம், 25 சதம், 10 சதம் எல்லாம் 80 வெள்ளி. பழைய சதங்களை உருக்கி நகை செய்வது அந்த நாள் பட்டறைகளில் சாதாரணம். இந்திய ரூபாயை உருக்கியிருந்தால் 91க்கு மேல் நின்றிருக்கும். இந்தப் பாதிக்குள் இலங்கைச் சதங்கள் இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன், ‘இருக்கலாம்’ என்பதற்குக் கீழ் கோடு போட்டு. ஜெர்மனியில் செய்த சாமான்களும் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 800, அதாவது அதே 80தான். யாருடைய உடைந்த ஜெர்மன் கரண்டி அந்த மூசைக்குள் போனதோ.

செய்த பத்தர் தன் குறி எதையும் வைக்கவில்லை. தேடினேன், ஒரு புள்ளிகூட இல்லை. நம் பட்டறைகளில் அது குறைபாடாக எண்ணப்பட்டதில்லை. பிரித்தானியர் காலத்து இலங்கையில் முத்திரை அடிக்கும் சோதனைச்சாலை இருந்ததில்லை. வீட்டுக்கு ஒரு பத்தர், அவருக்கு அந்த வீட்டுத் தாலி முதல் தோடு வரை தெரியும். முகம் தெரிந்தவருக்குக் குறி எதற்கு? முகம் தெரியாத மூன்றாம் தலைமுறைக்கு முன்னால் நான் லூப்போடு உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

இரண்டு எண்கள்

முதல் பாதியின் பின்புறத்தில், முத்திரைக்கு மேலே, ஊசியால் கீறிய எண் ஒன்று: 417. இரண்டாம் பாதியிலும் 417, அதே இடத்தில், ஆனால் ஓரம் மழுங்கி, முத்திரையைப் போலவே வார்ப்பில் வந்தது. இரண்டாம் பாதியில் மட்டும் இன்னோர் எண், 2086. இது கூர்மையானது, விரல் நகத்தில் தட்டுப்படுகிறது.

இப்படிக் கீறுவது அடைவுகடைக்காரர். பற்றுச்சீட்டு எண்ணைச் சாமானிலும் போட்டு வைத்தால் மாறிப்போகாது.

எண்களை வரிசையில் வைத்தால் பக்கிளின் பயணம் தெரிகிறது. முதலில் முழு ஜோடி அடைவுக்குப் போயிருக்கிறது. ஒரு பாதியில் 417 விழுந்தது. மீட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் மற்றப் பாதி தொலைந்தது, ஏனென்றால் வார்ப்பு எடுத்த நேரத்தில் 417 ஏற்கெனவே அங்கே இருந்தது. புதுப் பாதி செய்த பின் இன்னொரு முறை அடைவு, 2086. மறுபடியும் மீட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் பிஸ்கட் ரின்னுக்குள் வந்திருக்காது.

இதை நான் சொன்னபோது டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எங்கட பெரியம்மா அடைவுகடைப் படி மிதிக்காதவ.”

நான் பதில் சொல்லவில்லை. பத்தர் ஐயா மழையைப் பார்க்கிற மாதிரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலத்தை இன்னும் நெருக்க ஏதாவது இருக்குமா என்று, பெரியம்மாவின் படம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிழமை கொண்டுவந்தார். ஸ்டூடியோவில் எடுத்தது, இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை. வெள்ளை உடுப்பு, தொப்பி, கைகள் முதுகுக்குப் பின்னால். பின்புறத்தில் பென்சிலால் 1938. லூப்பை வைத்தால் பக்கிள் தெளிவாகத் தெரிந்தது: இரண்டு பறவையும் நிமிர்ந்து நின்றன. நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருந்தால் இடம் வலம் மாறும், மேல் கீழ் மாறாது. ஆகவே 1938இல் உண்மையான ஜோடி முழுதாக இருந்தது. வார்ப்பு அதற்குப் பின்.

டீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யுத்த நேரம், சாமான் விலை, பெரியப்பா இல்லாமல் நான்கு பிள்ளைகள் என்று ஏதோ தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது போல் சொன்னார். அதில் எதையும் நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

அறிக்கையில் எழுதியவை: இடப் பாதி, இலண்டன், 1902–1903, வில்லியம் கொமின்ஸ், 925. வலப் பாதி, இடப் பாதியிலிருந்து எடுத்த வார்ப்பு, ஏறக்குறைய 800, 1938க்குப் பின், பெரும்பாலும் கொழும்பு, செய்தவர் குறி இல்லை. அதிலுள்ள நான்கு முத்திரையும் செல்லாது. கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்தமாகவே எழுதினேன். இதை ஜோடியாக இலண்டன் ஏலத்துக்கு அனுப்பினால் அங்கே கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலின் பழம்பொருள் குழு வரை போய், முத்திரைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். விற்கிற எண்ணமே இல்லை என்றார் டீச்சர். பறவையை நேராக்கிப் புதிதாக ஒன்று செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், ஆனால் இந்தப் பாதியை உருக்க வேண்டாம் என்றேன். பத்தர் ஐயா, தன்னால் முடியாது, கண் போதாது என்று கீழே இறங்கிப் போனார்.

தாளை மடிக்கும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

“அந்த நம்பர் ரெண்டையும் போடத்தான் வேணுமோ?”

“அதை எடுத்தால் எது முந்தி, எது பிந்தி எண்டு சொல்ல ஆதாரம் இல்லை, டீச்சர்.”

யோசித்தார். “சரி, போடுங்கோ. மகனுக்கு நான் படத்தை மட்டும் அனுப்புறன்.”

படத்தைப் பெரிதாக்கினால் எண் தெரியும் என்றேன்.

“அவன் டபிள்யூ சி மட்டும்தான் பாப்பான்” என்று ரின்னை மூடினார்.